விலாசதாரர் இடம் மாறினார்: அடுத்தவர் அழைப்புகளை நிறுத்த நான் பயன்படுத்திப் பார்த்தவை

மயிலாடுதுறைப் பக்கம் 34 வருடம் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்தவன் நான். ஆள் காலி செய்துவிட்ட வீட்டுக்குக் கடிதம் வந்தால், உறையின் மேல் ‘விலாசதாரர் இடம் மாறினார்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்துத் திருப்பிவிடுவோம். அத்தோடு அது அனுப்பியவர் பாடு. 2025 ஆடியில் என் மனைவிக்கு ஒரு புது சிம் வாங்கினேன். அதற்கு வேறொருவரைத் தேடி வரும் அழைப்புகளை அப்படித் திருப்பிவிட ஏதாவது வழி உண்டா என்று பார்க்க, கிடைத்ததை எல்லாம் பயன்படுத்திப் பார்த்தேன்.

சிம் போட்ட மறுநாளே முதல் அழைப்பு. யாரோ ஒருவருடைய பைக் கடன், மூன்று தவணை பாக்கி. மனைவி, “அவர் இங்க இல்லைங்க” என்றாள். அதற்கு ‘வெளியே போயிருக்கிறார்’ என்றும் பொருள் உண்டே! “எப்ப வருவாரும்மா?” என்று கேட்டான் அந்தப் பையன். நான் போனை வாங்கி, “தம்பி, இது ராங் நம்பர்” என்றேன். “சார், இவ்வளவு நேரம் வீட்லயேதான் இருந்திருக்கீங்க!” என்றான். ஒரு சொல்லில் என்னைக் கடன்காரனாக்கிவிட்டான்.

விஷயம் இதுதான். ஒருவர் விட்டுவிட்ட எண்ணை நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்து, பிறகு இன்னொருவருக்குக் கொடுக்கின்றன. 90 நாளில் எண் மறுபிறவி எடுத்துவிடும். கடன் அப்படியா? மூன்று வருடம் ஓடும்.

முதலில் போனிலேயே இருக்கும் பிளாக் வசதி. ஒரு வாரத்தில் 11 எண்களை பிளாக் செய்தேன், பன்னிரண்டாவது எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று.

அடுத்தது 1909. ஆங்கில எழுத்தில் ‘ஸ்டார்ட்’, ஒரு இடைவெளி, பூஜ்யம் என்று அடித்து 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா விளம்பரத்துக்கும் தடை. காசு கிடையாது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனை விற்பவர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் நன்றாகவே குறைந்துவிட்டார்கள். மீறிக் கூப்பிடுபவர் மேல் புகார் கொடுக்க முன்பெல்லாம் மூன்று நாள்தான் அவகாசம், 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஏழு நாளாக்கியது. ஆனால் இது விளம்பரத்துக்கான தடுப்பு. கடன் வசூல் விளம்பரமில்லையே. சொந்த வேலைக்கு நாலு மதிப்பெண், என் வேலைக்குப் பூஜ்யம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உள்ள சக்ஷுவும் இதே கதைதான். அது மோசடி அழைப்புகளைத் தெரிவிக்கும் இடம். இந்தப் பையன்கள் மோசடிக்காரர்கள் இல்லை. பாவம், நிஜமான ஆளை நிஜமான கடனுக்காகத் தேடுகிறார்கள், தேடும் இடம்தான் தப்பு. ஆனாலும் அந்தத் தளத்தில் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்க முடிகிறது. அதற்காகவே ஒருமுறை போய் வரலாம்.

கூப்பிடுபவர் பெயரைக் காட்டும் ஒரு ஆப்பையும் பேரன் போட்டுக் கொடுத்தான். அதில் என் மனைவியின் எண்ணைத் தேடினால் அந்த பைக் கடன்காரர் பெயர் வந்தது! யார் யாரோ அவரைத் தங்கள் போனில் சேமித்து வைத்த பெயர். என் மனைவி எங்கள் சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்தபோது அவர்கள் எடுக்காததற்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது. திருத்தச் சொல்லி விண்ணப்பித்து, மாறிய பிறகு ஆப்பை நீக்கிவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது என் பழைய தொழில்தான்: கடிதம். எந்த நிறுவனம் என்று அந்த வசூல் பையனிடமே கேட்டு, அவர்கள் இணையதளத்தில் குறைதீர்ப்பு அலுவலரின் முகவரியை எடுத்தேன். ஐப்பசியில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். (பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, அது வேறு கதை.) சிம் எங்கள் கைக்கு வந்த தேதிக்கு ஆதாரம், அழைப்புகளின் தேதி, நேரம் எல்லாம் இணைத்தேன். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னதையும், எங்களுக்கு இரவு 8.40-க்கு வந்த அழைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். இன்னொன்றும் எழுதினேன். துண்டிக்கப்பட்ட எண்களுக்கு என்றே ஒரு பட்டியல் உண்டு. அதைப் பார்த்துத் தங்கள் பதிவேட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஜனவரி 17 சுற்றறிக்கையில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நான் தேடிய ‘இடம் மாறினார்’ முத்திரை அதுதான். முத்திரை இருக்கிறது, குத்த ஆள் இல்லை.

பத்து நாளில் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: எண் நீக்கப்பட்டது. அதன் பிறகு அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு இல்லை. செலவு தபால் கட்டணம் மட்டும். ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணை, ‘வருந்துகிறோம்’ என்று ஒரு சொல் எழுதாததற்குக் குறைத்தேன்.

போன வாரம் ஒரு டெலிவரி பையன் கூப்பிட்டான். அதே பெயருக்குப் பார்சல். “அண்ணே, தெரு இருக்கு, வீடு பூட்டியிருக்கு, நீங்க எங்க இருக்கீங்க?” திருப்பி அனுப்பிவிடுவானோ என்று எனக்குப் பதறியது. விலாசம் சரி, போன்தான் தப்பு என்று சொல்லி, பக்கத்து வீட்டில் விசாரிக்கச் சொன்னேன். அரை மணியில் திரும்பக் கூப்பிட்டான். “ஆள் வந்துட்டாருண்ணே, கையிலயே கொடுத்துட்டேன்.”

பெருமையோடு மனைவியிடம் சொன்னேன். “சரி, அவரோட புது நம்பரைக் கேட்டு வாங்கினீங்களா?” என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை.