தோட்டத்துக்கும் கோழிக்கும் ஒரே கிளிஞ்சல் தூளா?

தோட்ட மண்ணுக்கும் முட்டைக் கோழிகளுக்கும் ஏற்றது என்ற குறிப்புடன் விற்கப்படும் கிளிஞ்சல் தூள் ஒன்றை இரண்டுக்கும் பயன்படுத்திப் பார்த்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மண்ணுக்கு இது தரமான பொருள். கோழிகளுக்கு, இப்போது அரைக்கப்பட்டுள்ள பதத்தில், அவ்வளவாகப் பொருந்தவில்லை.

சிப்பியோ மட்டியோ, ஓட்டின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடோ அதற்கு மேலோ கால்சியம் கார்பனேட்தான். தூய கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 40 விழுக்காடு என்பதால், உறையில் அச்சிட்டுள்ள 38 விழுக்காடு என்ற அளவை நம்பலாம். அரைத் தேக்கரண்டி தூளைக் கண்ணாடிக் குவளையில் இட்டு வினிகரை ஊற்றியதும் நுரை பொங்கியது. நுரை அடங்க அடங்க மேலும் ஊற்றி, பொங்குவது நின்ற பின் பார்த்தால், அடியில் மெல்லிய பழுப்புச் செதில்களும் விரல்நுனியில் ஒட்டும் அளவு மணலும் மட்டுமே எஞ்சியிருந்தன. மணலைக் கலந்து எடை கூட்டியிருந்தால் அது கரையாமல் அப்படியே கிடந்திருக்கும். (சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதுவும் கால்சியம் கார்பனேட்தான்.)

0.15 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தது என்று உறை சொல்கிறது. விரல்களுக்கிடையே தேய்த்தால் நெருநெருப்பு மிகக் குறைவு. அமில மண்ணைச் சரிசெய்ய இந்த நுண்மை அவசியம், ஏனெனில் பருமனான துகள்கள் மண்ணோடு வினைபுரியப் பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும். சுடாத ஓடு என்பதால், சுட்ட சுண்ணாம்பைப் போல இது வேரைப் பொசுக்காது. ஆயினும் மண்ணின் பிஎச் அளவை, அதாவது அதன் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, பார்க்காமல் தூவக் கூடாது: அது ஏற்கெனவே 7-க்கு மேல் இருந்தால், இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல் போய், இளந்தளிர்களில் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளாகும். இந்த எச்சரிக்கை உறையில் எங்கும் இல்லை; மாறாக, தக்காளியின் அடிப்பகுதி அழுகலுக்கு உடனடித் தீர்வு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த அழுகல் பெரும்பாலும் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததன் விளைவு. மெதுவாகக் கரையும் தூள் அதற்கு உடனடி மருந்தாக முடியாது. தழை, மணி, சாம்பல் சத்துகளுக்காக வாங்குவோரும் ஏமாறுவர்.

கோழிகளின் விஷயம் வேறு. ஒரு முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. அந்த ஓடு உருவாவதோ பெரும்பாலும் கோழி இரை எடுக்காத இரவு நேரத்தில். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டுத் துணுக்குகள் இரையை அரைக்கும் பையில் தங்கி இரவு முழுதும் சிறிது சிறிதாகக் கரைந்து உதவும். மாவுப் பதத்தில் உள்ள தூள் அதற்கு முன்பே குடலைக் கடந்துவிடும். என் கோழிகள் தானியத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, தூளைத் தட்டின் அடியில் வெள்ளைப் படலமாக விட்டுவைத்தன. நொறுக்கிய துணுக்கைத் தயாரிப்பாளர் தனி உறையில் விற்பதே முறை.

கவிச்சி வாடை இல்லை, கட்டியும் தட்டவில்லை. உறையைப் பிரிக்கும்போது தூசி கிளம்புவதால் முகக்கவசம் தேவை. இயற்கையானது என்ற சொல்லை நம்பி இதை யாரும் கால்சியம் மருந்தாக உட்கொள்ள வேண்டாம். கடல் ஓடுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, ஆகவே மனிதர் உண்பதற்கென்று பரிசோதித்துத் தயாரித்தவை மட்டுமே அதற்கு ஏற்றவை.