லண்டனில் இலையுதிர்கால நாடகம்: வெஸ்ட் எண்டா, தென்கரையா?

இந்த இலையுதிர்காலத்தில் என் மாலைகளைத் தேம்ஸின் தென்கரையிலுள்ள நேஷனல் தியேட்டருக்கே ஒதுக்கிவிட்டேன். ஆண்டுக்கணக்கில் ஓடும் பிரம்மாண்டமான இசை நாடகங்களுக்கு, லண்டன் மையத்திலுள்ள வணிக அரங்கப் பகுதியான வெஸ்ட் எண்டை விட்டால் வேறிடமில்லை. லெஸ்டர் சதுக்கத்து டிகேடிஎஸ் எனும் டிக்கெட் விற்பனைக் கூண்டில் தள்ளுபடி டிக்கெட்டும் கிடைக்கும். நடிப்பின் தரத்திலும் இரண்டுக்கும் பேதம் சொல்ல மாட்டேன்.

நான் முடிவெடுத்தது ஒரே காரணத்தால்: மலிவான டிக்கெட் வாங்கியவருக்கு மேடை எவ்வளவு தெரிகிறது? வெஸ்ட் எண்ட் அரங்குகளில் பெரும்பாலானவை விக்டோரிய, எட்வர்டியக் காலத்தவை, அதாவது நூறாண்டுக்கு மேல் பழையவை. செல்வந்தர்களைக் கீழேயும் எளியவர்களை உச்சி மாடத்திலும் அமர்த்துவதற்கென்றே கட்டப்பட்டவை. பல அரங்குகளில் மாடத்துக்குத் தனி வாசலே உண்டு. இன்றும் அங்கே அமர்ந்தால் முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும். செங்குத்தாகக் கீழே பார்த்தால் நடிகரின் உச்சந்தலை தெரியும். சில இடங்களில் தூணோ கைப்பிடிக் கம்பியோ குறுக்கிடும். பேச்சையே நம்பியிருக்கும் நாடகத்தில் முகம் தெரியாவிட்டால் பாதி போயிற்று.

டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்து 1976-இல் திறக்கப்பட்ட நேஷனல் தியேட்டரின் ஒலிவியர் அரங்கில் 1,100-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. கிரேக்கத்தின் எபிடாரஸ் அரங்கை மனத்தில் வைத்து, விரித்த விசிறிபோல் அமைத்தார். கடைசி வரிசையில் தூரம் உண்டு. ஆனால் பார்வையை மறைக்கத் தூண் இல்லை, நடிகரின் முகமும் உடலும் ஒருங்கே தெரிகின்றன. அடுத்த வாரக் காட்சிகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் 'ஃப்ரைடே ரஷ்' என்று குறைந்த விலையில் டிக்கெட் விடுகிறார்கள். முன்கூடமும் விசாலமானது, டிக்கெட் இல்லாதவரும் உள்ளே வந்து அமரலாம். மழை பிடித்துக்கொண்ட மாலையில் இது சின்ன விஷயமல்ல.

சற்றுத் தள்ளியிருக்கும், ஷேக்ஸ்பியர் கால அரங்கின் மறு உருவாக்கமான குளோப் அரங்கத்தின் திறந்த முற்றத்தில் சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். விலையில் அதை வெல்வது கடினம். குடைக்கு அனுமதியில்லை, மழையானாலும் காட்சி நடக்கும். நான் நின்றது வறண்ட மாலைகளில்தான் என்பதால், அக்டோபர் ஈரத்தில் அது எப்படியிருக்கும் என்பதற்கு என் சொல்லை நம்ப வேண்டாம். செப்டம்பரில் தயங்காமல் போகலாம். குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு ஒலிவியரின் மேல்தளமே என் தேர்வு. இசை நாடகம்தான் வேண்டும் என்பவர்கள், இரண்டு மூன்று மாட டிக்கெட்டுகளுக்கான பணத்தைச் சேர்த்து, வெஸ்ட் எண்டில் கீழ்த்தளத்து இருக்கை ஒன்றை வாங்கட்டும்.