யார் எழுதியது என்று தெரியாமல் படித்த 21 கதைகள்

தொகுப்பு நூல் என்றாலே எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். நாலு நல்ல கதைக்காகப் பதினாலு சுமாரான கதைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். அதிலும் அட்டையில் 'இளையோரும் பெரியோரும் இணைந்து எழுதிய சிறுகதைகள்' என்று போட்டிருந்தால், உள்ளே பிள்ளைகளின் முதுகைத் தட்டிக்கொடுக்கும் முன்னுரை ஒன்று கட்டாயம் இருக்கும், அதில் 'நாளைய நட்சத்திரங்கள்' என்று ஒரு வரியும் இருக்கும் என்பது என் அனுபவம். இந்தப் புத்தகத்தின் முன்னுரை ஒன்றரைப் பக்கம்தான், நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அதற்காகவே தொடர்ந்து படித்தேன்.

மொத்தம் 21 கதைகள். எழுதியவர்களில் பாதிக்கு மேல் 18 வயதைத் தாண்டாதவர்கள், மற்றவர்கள் முப்பதிலிருந்து எழுபதுக்குள். விஷயம் என்னவென்றால், எந்தக் கதையின் தலைப்புக்குக் கீழேயும் பெயர் கிடையாது, வயதும் கிடையாது. யார் எதை எழுதினார்கள் என்ற பட்டியல் கடைசி இரண்டு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. என் பதின்மூன்று வயது மகள் அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிட்டு, "ஒவ்வொரு கதைக்கும் பெரியவங்களா சின்னவங்களான்னு எழுதி வைப்போம், கடைசியில பாப்போம், சரியா?" என்றாள். சரி என்றேன். முப்பது வருடமாகக் கதை படிக்கிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்ற நினைப்பு.

முதலில் எனக்குப் பிடித்த கதை. பேச்சை நிறுத்திவிட்ட அப்பா அம்மாவுக்கு நடுவே ஒரு பெண் குழந்தை தூது போகிறாள். "அப்பாகிட்ட சொல்லு, சாவி ஆணியில மாட்டியிருக்கு." கூடத்துக்கும் சமையலறைக்கும் ஆறே அடி தூரம், சொன்னது அந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும், ஆனாலும் அவள் போய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. கொஞ்ச நாளில் குழந்தை வாசகத்தில் கைவைக்க ஆரம்பிக்கிறாள். முதலில் ஒரு 'பத்திரமா' சேர்க்கிறாள், அப்புறம் ஒரு 'சாப்பிட்டாச்சான்னு கேட்டாங்க'. இரண்டு பேருக்குமே அது பொய் என்று தெரியும், இரண்டு பேருமே திருத்துவதில்லை. கடைசியில் ஒருநாள் அப்பா என்னவோ நீளமாகச் சொல்லி அனுப்புகிறார், என்ன என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. அம்மா வாசல்படியில் நின்று 'என்ன சொன்னார்?' என்று கேட்கிறாள். குழந்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கேயே கதை நின்றுவிடுகிறது, ஒரு வரி கூடுதல் இல்லை. இவ்வளவு கட்டுப்பாடு பழுத்த கைக்குத்தான் வரும் என்று 'பெரியவர்' என எழுதினேன். எழுதியவருக்கு வயது 14.

அடுத்த கதையில் ஒரு தாத்தாவின் கை நடுங்குகிறது, கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். பழைய தாள்களின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுகிறார். அந்த வீட்டுப் பேத்திக்கு அது ஒரே தடவையில் அச்சாக வருகிறது. தாத்தா அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். அந்த மடிக்கும் இடத்தை, விரல் நடுக்கத்தில் மடிப்பு கோணலாக விழுவதை, அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். இதற்கும் 'பெரியவர்' என்றுதான் போட்டேன். வயது 17.

எனக்கு ஆறுதலாக இருந்தது ஒரு பழைய சங்கதி. 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. அது 1818இல் பெயர் போடாமல் வெளிவந்தது, மதிப்புரை எழுதிய பெரிய நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டே அது மேரியின் கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லி எழுதியது என்று எண்ணிக்கொண்டார். ஸ்காட்டுக்கே அந்த கதி என்றால் நான் எம்மாத்திரம்.

பெரியவர்கள் எழுதியதில் சிலது பெரியவர்கள் எழுதியது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது, அதுவும் நல்ல காரணத்துக்காக இல்லை. ஐந்து வயதுக் குழந்தை சொல்வதுபோல ஒரு கதை. அந்தக் குழந்தை எப்போதும் வியந்துகொண்டே இருக்கிறது, மழலையில் தத்துவம் பேசுகிறது. மகள் இரண்டாவது பக்கத்திலேயே, "இது பெரியவங்கதான். 'பால்யத்தின் வாசனை'ன்னு எந்தக் குழந்தையாவது சொல்லுமா?" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். இன்னொன்றில் இறந்துபோனவரின் செல்பேசி எண்ணுக்கு மனைவி தினமும் அழைக்கிறாள். இந்தக் கதையை நான் எத்தனை தடவை படித்துவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் அதே பெரியவர்கள் எழுதியதில் ஒரு கதை, ஒரு பெண் தன் முன்னாள் தோழியை மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் பார்த்தும் பார்க்காததுபோல இருக்க முயல்வது, இரண்டு பேரும் ஒரே பத்திரிகையை மாறி மாறி எடுத்துப் புரட்டுவது. பதினான்கு வயதில் இதை எழுத முடியாது, எழுதவும் வேண்டாம்.

இளையவர்களிடமும் குறை இல்லாமல் இல்லை. நிழல்கள் மனிதர்களை விட்டுப் போய்விடும் நகரம் பற்றி ஒரு நீளமான கதை, தொடக்கம் அபாரம், நடுவில் பத்துப் பக்கம் அந்த நகரத்தின் விதிகளை மட்டும் விளக்கிக்கொண்டே போகிறது. இரண்டு கதைகள் 'எல்லாம் கனவு' என்று முடிகின்றன. ஒன்று என்றால் மன்னிக்கலாம். தொகுப்பாசிரியர் இங்கே அந்தப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், சின்னவர்கள்தானே என்று விட்டுவிட்டாரோ என்று தோன்றியது.

அவரைப் பாராட்ட வேண்டிய இடம் வேறு. தொகுப்பது நம் மொழியில் பழைய வேலை. அகநானூற்றின் 400 பாட்டில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். எண்ணைச் சொன்னாலே திணை தெரிந்துவிடும். இந்த ஆளும் அதுபோல ஒன்று செய்திருக்கிறார், ஆனால் எங்கேயும் சொல்லவில்லை. ஏழாவது கதையில்தான் எனக்கு உறைத்தது: ஒரு கதையின் கடைசிப் பொருள் அடுத்த கதையின் தொடக்கத்தில் இருக்கிறது. தூது போகும் குழந்தை குடித்த தம்ளர், தாத்தா கதையில் தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்த தம்ளர். அந்தாதி! திரும்பப் போய் முதலிலிருந்து பார்த்தோம், இரண்டு இடம் தவிர எல்லாம் கோத்து வருகிறது. அந்த இரண்டு இடத்திலும் ஒரு குடையை வலிந்து திணித்திருப்பது தெரிகிறது, பரவாயில்லை. அதனால் இதை இஷ்டத்துக்கு நடுவில் திறந்து படிக்காதீர்கள், வரிசையாகவே போங்கள். ஒரே மூச்சிலும் வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு கதை போதும். நாங்கள் அப்படித்தான் படித்தோம், கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓடியது.

மெய்ப்பு பார்த்தவர் மீது மட்டும் எனக்குக் கோபம். ஒற்று விட்டுப்போன 'அந்த கதவு'களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். ஆனால் ஒரு சோகமான உச்சக்கட்டத்தில் 'அவள் மணம் உடைந்தது' என்று வந்தால் என்ன செய்வது? கல்யாணம் நின்றுவிட்டதா, மனசு நொந்துவிட்டதா என்று இரண்டு பத்தி குழம்பினேன். இன்னொரு இடத்தில் கண்ணீர் 'கண்ணத்தில்' வழிகிறது. எழுத்து அளவு நன்றாக இருக்கிறது, கட்டமைப்பும் உறுதி, விரித்து வைத்தால் முதுகு பிளக்கவில்லை. ஓவியங்கள் இல்லை, அதுவும் நல்லதுதான், படம் இருந்திருந்தால் இது பிள்ளைகள் புத்தகம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

எழுத ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்குங்கள், ஆனால் அதனிடம் கொடுத்துவிட்டு நகராமல் கூட உட்கார்ந்து படியுங்கள். பட்டியல் பக்கத்தை மட்டும் முன்னாடியே பார்த்துவிடாதீர்கள்.

எங்கள் போட்டியில் அவளுக்கு 15, எனக்கு 9. இதை எழுதும்போது தாத்தா கதையில் ஒரு வரியைச் சரிபார்க்கலாம் என்று தேடினால் புத்தகத்தைக் காணோம். அவள் பையில் இருக்கிறது, தோழிக்கு இரவல் போகிறதாம், திரும்பவும் கிளிப் போட்டு.