சைக்ளோட்ரானா, அணு உலையா: பெர்க்லியும் சிகாகோவும்

1940களின் அணுக்கரு ஆய்வில் அமெரிக்காவின் பெர்க்லியா, சிகாகோவா என்று கேட்டால் என் ஓட்டு பெர்க்லிக்குத்தான். அங்கே 60 அங்குல சைக்ளோட்ரானில், அதாவது மின்னூட்டத் துகள்களைக் காந்தப்புலத்தில் சுழற்றி வேகமூட்டும் இயந்திரத்தில், டியூட்டிரான்களை (கன ஹைட்ரஜனின் அணுக்கருக்களை) வேகப்படுத்தி யுரேனியத்தின் மேல் மோதவிட்டார்கள், அதில் பிறந்தது புதிய தனிமம் என்பதை வேதியியலாளர் சீபோர்க்கின் குழு 1941 பிப்ரவரியில் வேதியியல் முறையில் உறுதிசெய்தது, அதுதான் புளுட்டோனியம். ஆனால் கிடைத்தது கண்ணுக்கே தெரியாத அளவு.

சிகாகோ கதை வேறு. விளையாட்டரங்க மாடத்தின் கீழே இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி அணு உலை அமைத்து, 1942 டிசம்பர் 2 அன்று அதில் தொடர்வினையை (ஓர் அணு பிளந்து வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்த அணுக்களைப் பிளப்பதை) நிகழ்த்தியது. அன்றைய திறன் அரை வாட்தான்!

சைக்ளோட்ரானில் மின்சாரத்தை நிறுத்தினால் துகள் கற்றை நின்றுவிடும். உலை அப்படி இல்லை, நியூட்ரான்களைத் தானே பெருக்கிக்கொள்ளும், அதனால் நியூட்ரான்களை உறிஞ்சும் காட்மியம் கோல்கள் இல்லாமல் ஆகாது. கிலோக்கணக்கில் புளுட்டோனியம் வேண்டும் என்றால் உலைதான், சரி. புதிய தனிமங்கள்? கியூரியம், பெர்க்லியம், கலிஃபோர்னியம் மூன்றும் அந்த 60 அங்குல இயந்திரத்தில் பிறந்தவை.