ரியர் விங் எண்ட்பிளேட்: சில சீசன்கள் ஓட்டிய பிறகு

சர்க்யூட்டில் மட்டும் ஓடும் என் காரின் ரியர் விங்கோடு (பின்பக்க இறக்கை) வந்த சின்ன எண்ட்பிளேட்டை, அதாவது விங்கின் நுனிகளில் செங்குத்தாக நிற்கும் தட்டை, கழற்றிவிட்டு, 30 செ.மீ. உயரத்தில் ஒன்றை மாட்டிச் சில சீசன்கள் ஆகின்றன. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை) எவ்வளவு கூடியது? என்னைப் பொறுத்தவரை எண்ட்பிளேட்டின் வேலை, விங் நுனியில் வீணாகப் போவதைத் தடுப்பது.

ரேஸ் காரின் விங்குக்கு மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. இரு நுனிகளிலும் மேல்பக்கக் காற்று சுற்றிக்கொண்டு கீழே புகுந்துவிடும். அதனால் நுனிப் பகுதி சரியாக வேலை செய்யாது. அங்கே உருவாகும் சுழலை இழுத்துக்கொண்டே ஓட எஞ்சினின் சக்தியும் செலவாகும். ஈரப்பதமான நாளில் ஃபார்முலா 1 கார்களின் விங் நுனியிலிருந்து வெள்ளை இழை போல நீள்வது இந்தச் சுழல்தான். நுனியைத் தட்டு வைத்து அடைக்கும் யோசனை பழையது. விமானம் பறப்பதற்கு முன்பே, 1897-இல், பிரிட்டன் பொறியாளர் லான்செஸ்டர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

என் விங்கின் நீளம் 150 செ.மீ., முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 25 செ.மீ.; அதாவது விகிதம் 6. தட்டின் உயரத்தை விங்கின் நீளத்தால் வகுத்து, 1.9-ஆல் பெருக்கி, 1 கூட்டினால், அந்த விகிதம் எத்தனை மடங்காகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். எனக்கு 8.3 வந்தது. அதே டவுன்ஃபோர்ஸுக்குச் சுழலால் வரும் இழுவை கால் பங்குக்கு மேல் குறைய வேண்டும். மொத்த இழுவையில் அல்ல, சுழலின் பங்கில் மட்டும்.

கணக்கு கிடக்கட்டும். விங்கின் அடிப்பக்கம் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, கேமரா வைத்துப் பார்த்தேன். சின்னத் தட்டு இருந்தபோது நுனியோர நூல்கள் உள்பக்கமாகச் சாய்ந்து படபடத்தன. பெரிய தட்டில் கடைசி ஒன்றிரண்டைத் தவிர மற்றவை நேராகப் பின்னோக்கிப் படுத்துவிட்டன. அன்றைக்கே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

விங் கோணத்தை மாற்றாமல் ஓட்டினால் பின்பக்கப் பிடிப்பு கூடி, வேகமான வளைவுகளில் அண்டர்ஸ்டியர் வருகிறது, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டியின் முன்பக்கம் திரும்புவதில்லை. அதனால் கோணத்தைக் கொஞ்சம் குறைத்தேன். பழைய பிடிப்பு அப்படியே இருக்க, நேர்ப்பாதையின் முடிவில் வேகம் கூடியது. இந்த மாற்றத்தின் அசல் லாபம் இதுதான். மெதுவான வளைவுகளில் வித்தியாசமே தெரியாது, 160 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் டவுன்ஃபோர்ஸில் கால் பங்குதான் 80-இல் கிடைக்கும்.

தட்டு விங்குக்கு மேலே நீள்வதைவிடக் கீழே அதிகம் நீள வேண்டும், உறிஞ்சல் இருப்பது அங்கேதான். மெல்லிய அலுமினியத் தகடு வேகத்தில் அதிர்ந்து, போல்ட் துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டது. இப்போது இருப்பது கார்பன் ஃபைபர். அகலமான வாஷர், லாக் நட் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை வண்டியை இறக்கும் முன்பும் அந்தத் துளைகளை விரலால் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை. அப்புறம், பின்பக்கம் லேசாகச் சறுக்கும்போது பெரிய தட்டு துடுப்பு மாதிரி வண்டியை நிலைப்படுத்துகிறது, ஆனால் பக்கக்காற்று பலமாக அடித்தால் வண்டி தள்ளப்படுவதும் தெரிகிறது.

ஃபார்முலா 1-இல் தட்டின் மேல்பகுதியில் பிளவுகள் வெட்டி, உயர் அழுத்தக் காற்றைக் கொஞ்சம் வெளியே கசியவிட்டுச் சுழலை மட்டுப்படுத்தினார்கள். 2019 விதிகள் வந்ததோடு அவை போய்விட்டன. பழைய அலுமினியத் தட்டில் நானும் வெட்டிப் பார்த்தேன். லேப் நேரம் மாறவில்லை, தட்டின் விறைப்புதான் குறைந்தது. கார்பன் தட்டில் பிளவு எதுவும் வைக்கவில்லை.