டியூபா, டியூப்லெஸ்ஸா? பொள்ளாச்சி–பாலக்காடு சாலைக்கு ரோடு பைக் டயர்

பொள்ளாச்சியில் கிளம்பி கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு வரை ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள், ஓட்டுகிறவருக்கு டயர் விஷயத்தில் எடை, வேகமெல்லாம் அப்புறம். முதல் கணக்கு முள். எல்லை தாண்டினால் எல்லாம் பச்சை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள்; கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மழைமறைவுப் பூமி. வேலியோரமெல்லாம் சீமைக் கருவேலம். வேலி கழித்த வாரத்தில் சாலையின் இடது ஓரம், அதாவது நாம் ஓட்டுகிற அதே ஒன்றரை அடி, முள்ளாகக் கிடக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாரம் மூன்று நாளாவது ஓட்டி, அவ்வப்போது ரேஸிலும் நிற்கிறவருக்கு டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் என்ற திரவத்தோடு ஓடும் டயர். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வண்டியை இறக்குகிறவருக்குச் சாதா டியூபே போதும். டியூப்லெஸ் அவருக்குத் தண்டச் செலவு.

டியூபின் சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரண்டு லீவர், ஒரு பம்பு, பழகிய கைக்குப் பத்து நிமிடம். தெரிந்தும் தவறுவது ஒன்று உண்டு. முள்ளைப் பிடுங்கினால் பாதிதான் வரும். நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். அதைப் பார்க்காமல் புது டியூபைப் போட்டால் அரை கிலோமீட்டரில் மறுபடி உட்காரும். விரலால் தடவினால் சிக்காது, விரல்தான் கிழியும். பழைய துணியை டயரின் உட்பக்கம் ஒரு சுற்று இழுங்கள். நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும்.

டிபியு என்ற பிளாஸ்டிக் வகை டியூப் இலேசானது. 28 மி.மீ. டயருக்குச் சாதா பியூட்டைல் ரப்பர் டியூப் 100 கிராமுக்கு மேல் வரும். இது அதில் பாதிகூட இல்லை. ஆனால் ரிம் பிரேக் வண்டியில் ஆழியாறு இறக்கத்துக்கு வேண்டாம். வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்தபடி இறங்கினால் ரிம் நன்றாகச் சூடேறிவிடும், டிபியு அந்தச் சூட்டைத் தாங்காது. பல டிபியு டியூப்களின் அட்டையிலேயே டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று போட்டிருக்கும்.

டியூப்லெஸ்ஸில் முதல் தலைவலி மாட்டுவது. ரிம் டேப், ரிம்மின் உள் அகலத்தைவிட 2 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டி, வால்வுத் துளையைச் சூடான ஊசியால் போட்டால் டேப் கிழியாது. டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்தண்டைக் கழற்றிவிட்டுக் காற்றடிக்க வேண்டும். கைப்பம்பில் பெரும்பாலும் ஏறாது. பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும், ஆனால் அதன் வாய் மோட்டார் வண்டி வால்வுக்கானது. பிரெஸ்டா என்ற நம் மெல்லிய சைக்கிள் வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர் சட்டைப்பையில் இருக்கட்டும். படபடவென்று இரண்டு மூன்று சத்தம் கேட்டால் விளிம்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. பிறகு சிரிஞ்சில் 40 மி.லி. சீலன்ட், வால்வு வழியாகவே.

ஹூக்லெஸ் ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாதது) என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, மேல் எல்லை. 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 65 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம் போதும் என்பதால் சிக்கல் இல்லை. பழக்கதோஷத்தில் 90, 100 அடிக்கிற பஞ்சர் கடைப் பையனைத்தான் கவனிக்க வேண்டும்.

இனி உண்மையான கேள்வி: சீலன்ட். முள்ளைப் பிடுங்கினால் பால் போல் நுரைத்து வரும். ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நின்றால் அடைந்துவிடும். சீலன்ட் ஈரமாக இருக்கும்வரைதான் இந்த வித்தை. குப்பியில் எத்தனை மாதம் போட்டிருந்தாலும், மார்ச் முதல் மே வரை நம் வெயிலுக்கு ஆறு வாரம்தான் கணக்கு. தகரக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு அதுவும் இல்லை. உலர்ந்தால் ரப்பர் தோலாக டயரில் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, காற்றும் நிற்கும். முள் ஏறும்போதுதான் தெரியும்.

சோதிக்கச் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். சளக் சளக் என்று கேட்க வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் வால்வைக் கீழே நிறுத்தி, காற்றை இறக்கி, உள்தண்டைக் கழற்றி, ஓர் ஈர்க்குச்சியின் தடித்த முனையை விட்டுப் பாருங்கள். நுனி நனையாவிட்டால் 30 மி.லி. ஊற்றுங்கள். வால்வில் காற்று ஏற மறுத்தால் உள்தண்டில் ரப்பர் கட்டியிருக்கும். குண்டூசியால் சுரண்டலாம், மாற்றுவது மேல். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் அடிக்கிறவர்கள் வால்வை மேலே வைத்து அடியுங்கள். குளிர்ந்த வாயு பட்டால் சில சீலன்ட்கள் திரிந்த பாலாகிவிடும்.

இந்தப் பராமரிப்பைத் தேதி வைத்துச் செய்கிறவருக்கு ரேஸில் பலன் உண்டு. உள்ளூர் ரேஸில் பின்னால் மாற்றுச் சக்கரத்தோடு கார் வராது. டியூப் பஞ்சரானால் கூட்டம் போய்விட்டது. டியூப்லெஸ் 15, 20 பிஎஸ்ஐ இழந்து அடைந்தாலும் கடைசிவரை ஓட்டலாம். ப்ரவே என்பது நேரக்கெடுவுக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம், ரேஸ் அல்ல; 200 கி.மீ. ப்ரவேயில் 13 மணி 30 நிமிடம் அவகாசம் இருப்பதால், அங்கே டியூப் மாற்றுகிற பத்து நிமிடம் பெரிய விஷயமில்லை.

கண்ணாடிச் சில்லு நீளமாகக் கிழித்தால் எந்தச் சீலன்ட்டும் காக்காது. ஓட்டைக்குள் திணிக்கும் ரப்பர் பிளக் குத்திப் பார்க்கலாம், அதுவும் நிற்காவிட்டால் டியூப்தான். ஆகவே சீட்டுப் பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்க வேண்டும். அதை மாட்டுமுன் அந்தத் துணியை மறக்காதீர்கள். சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்த மூன்று மாத முட்கள் எல்லாம் டயருக்குள் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரே டயரில் ஏழெட்டு சிக்குவது சாதாரணம். பிடுங்க ஒரு நகவெட்டி போதும்.