சொல்லி முடிக்க விட்டார்களா: ஹெலன், ஹைடி, ஜெஸ்ஸி

நியூயார்க்கின் மேற்கு 45ஆம் தெருவில் ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. இப்போது அதற்கு ஜெரால்ட் ஷோன்ஃபெல்ட் என்று பெயர், முன்பு பிளிமத். சோஃபி டிரெட்வெல்லின் ‘மஷினல்’ 1928 செப்டம்பரில் பிராட்வேக்கு வந்தது அங்கேதான். 61 வருடம் கழித்து, 1989இல், வெண்டி வாசர்ஸ்டீனின் ‘தி ஹைடி க்ரானிகிள்ஸ்’ அதே மேடையில் ஏறியது. நடுவில், 1983இல், அதே தெருவின் ஜான் கோல்டன் அரங்கில் மார்ஷா நார்மனின் ‘நைட், மதர்’. மூன்றையும் எழுதியவர்கள் பெண்கள். ‘நான் யார்’ என்று தெரியாமல் தவிக்கும் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு அமெரிக்க நாடகம்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இந்த மூன்றில் எது?

இந்தப் பேச்சை எடுத்தாலே டென்னசி வில்லியம்ஸின் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்து பிளான்ச் முதலில் வந்து நிற்பாள். அவளைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. இந்த முறை அவள் கொஞ்சம் ஒதுங்கி உட்காரட்டும்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் சின்னது. தன்னைப் பற்றி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அவளால் அதை முடிக்க முடிகிறதா?

‘மஷினல்’ நாயகியால் முடியவே முடியாது. பாத்திரப் பட்டியலில் அவள் வெறும் ‘இளம்பெண்’. ஹெலன் ஜோன்ஸ் என்பது அவள் பெயர். அந்த ‘ஜோன்ஸ்’கூட அவளுடையதில்லை, கல்யாணத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. வேலை ஸ்டெனோகிராபர். சப்வே ரயில் நெரிசலில் மூச்சுத் திணறி, நடுவழியில் இறங்கி, தாமதமாக ஆபீஸுக்கு வருகிறாள். அங்கே டைப்ரைட்டர் சத்தம், டெலிபோன் மணி, ஒருவர் கணக்கு எண்களை ஒப்பித்துக்கொண்டே இருக்கிறார். முதலாளிக்கு அவள் கைகள் மேல் ஆசை. அவளுக்கோ அவருடைய தடித்த கைகளைப் பார்த்தாலே அருவருப்பு. ஆனாலும் கட்டிக்கொள்கிறாள். அம்மாவைக் காப்பாற்ற வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், வேறென்ன வழி? முதல் காட்சி முடிவில் அவள் தனக்குள் பேசிக்கொள்வதை ஒருநாள் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எல்லாம் இரண்டு சொல், மூன்று சொல் துணுக்குகள். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நெருக்கடி அவள் மனதில் இருக்கிறது என்று டிரெட்வெல் விளக்குவதில்லை. அதை அவள் மூச்சில் வைத்துவிட்டார்.

நாடகத்துக்கு ஒரு நிஜப் பொறி உண்டு. கணவனைக் கொன்ற வழக்கில் 1927இல் தண்டிக்கப்பட்ட ரூத் ஸ்னைடர், 1928 ஜனவரியில் சிங் சிங் சிறையில் மின்சார நாற்காலியில் ஏற்றப்பட்டார். ஒரு பத்திரிகைக்காரர் கணுக்காலில் கேமராவை ஒளித்துக் கொண்டுபோய் அந்தக் காட்சியைப் படம் எடுத்தார். மறுநாள் அது முதல் பக்கத்தில் வந்தது. டிரெட்வெல்லும் பத்திரிகைக்காரர்தான். ஆனால் ஹெலன் கணவனைக் கொல்வதை அவர் மேடையில் காட்டவே இல்லை. நீதிமன்றத்தில் ஹெலனைக் கேட்கிறார்கள்: கணவனைப் பிடிக்கவில்லை என்றால் விவாகரத்து வாங்கியிருக்கலாமே? அவர் மனதை அப்படிப் புண்படுத்த முடியவில்லை என்கிறாள். கோர்ட்டே சிரிக்கிறது. எனக்கு மட்டும் அது நகைச்சுவையாகப் படவில்லை. நல்ல பெண்ணாக இருக்கப் பழக்கியதில் அவளிடம் மிஞ்சியது இந்த ஒரு பதில்தான். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து ‘யாராவது’ என்று கூப்பிடுகிறாள். இரண்டாம் முறை கூப்பிடும்போது அந்தச் சொல்லே பாதியில் அறுந்துபோகிறது.

ஹைடி ஹாலண்டுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. பெயர் நாடகத் தலைப்பிலேயே இருக்கிறது. கலை வரலாற்றுப் பேராசிரியர், சொந்தச் சம்பாத்தியம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்லைடு போட்டு, வரலாறு மறந்துவிட்ட பெண் ஓவியர்களைப் பற்றி வெளுத்துக்கட்டுகிறார். அப்புறம் 1982இல் நடக்கும் டிவி பேட்டிக் காட்சி வருகிறது. ஹைடியோடு பழைய நண்பர்கள் இருவர், ஸ்கூப்பும் பீட்டரும். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இருவரில் ஒருவர் குறுக்கே புகுந்து ‘ஜோராக’ எதையாவது சொல்லிவிடுகிறார். விரோதிகள் இல்லை, இரண்டு பேருமே அவர்மேல் பிரியம் உள்ளவர்கள். வாசர்ஸ்டீனின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிகிறது. ஹெலனின் வாயை அடைக்க ஒரு நகரமும் அதன் சட்டமும் தேவைப்பட்டன. ஹைடிக்கு அருமை நண்பர்கள் இரண்டு பேரே போதும்.

1986இல் பிளாசா ஹோட்டலில், பள்ளியின் பழைய மாணவிகள் கூடும் மதிய விருந்தில் ஒருவழியாகப் பேசுகிறார். கையில் குறிப்பு இல்லை. உடற்பயிற்சி வகுப்பில் உடை மாற்றும் அறையில் மற்றப் பெண்களைப் பார்த்துத் தான் குறுகிப்போனதைச் சொல்லி, நாமெல்லாம் ஒன்றாகத்தானே புறப்பட்டோம், இப்போது நான் மட்டும் தனியே கரையில் நிற்கிறேனே என்கிற மாதிரி முடிக்கிறார். நாடகத்தின் உச்சம் இந்தப் பேச்சுதான். ஆனால் இவ்வளவு பெரிய கேள்வியைக் கிளப்பிவிட்டு, முடிவில் தத்தெடுத்த குழந்தையோடு ஹைடியை உட்காரவைத்துத் திரை போட்டால் எப்படி? பெண்ணியவாதிகள் பலர் அன்றே இதற்குக் கோபப்பட்டார்கள். நாடகம் புலிட்சர், டோனி விருதுகள் இரண்டையும் வாங்கியது என்பது வேறு விஷயம்.

‘நைட், மதர்’ நாயகி ஜெஸ்ஸி கதை நேர் எதிர். ஒரு வீடு, அம்மா, மகள், சுவரில் நிஜமாகவே ஓடும் கடிகாரம். இடைவேளை கிடையாது. மணி எட்டேகாலுக்குத் தொடங்கும் அந்த இரவோடு தன் வாழ்க்கையை முடித்துக்கொள்வதாக மகள் நிதானமாகச் சொல்லிவிடுகிறாள். வலிப்பு நோய், விட்டுப்போன கணவன், திருடனாகிவிட்ட பையன் எல்லாம் இருந்தும், அவள் சொல்லும் காரணம் வேறு. தன் பழைய குழந்தைப் படத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தக் குழந்தை எங்கேயோ தொலைந்துபோனது. வருவாள் என்று அவள் காத்திருந்த ஒருத்தி வரவே இல்லை. அந்த ஒருத்தி அவளேதான். மூன்று நாடகங்களிலும் ‘நான்’ என்பதைப் பற்றி இதைவிடத் துல்லியமான பேச்சு இல்லை. அதைப் பேசுகிறவள் ஒரு பேராசிரியரும் இல்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மிட்டாய் ஜாடிகளை நிரப்புகிறாள், சாமான் வாங்கும் ஏற்பாட்டை விளக்குகிறாள், அம்மா கேட்டாள் என்று கோக்கோ காய்ச்சுகிறாள்.

என் ஓட்டு ‘மஷினல்’ பக்கம்தான் விழும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வடிவத்தில் இன்றும் அதுதான் துணிச்சல், பெரிய குழு கையிலிருந்தால் அதையே போடுங்கள். ஹைடியை அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்ணியம் தெரிந்தவர்கள் இன்னும் அதிகம் ரசிப்பார்கள். ஆனால் ஒன்றே ஒன்று என்றால் ஜெஸ்ஸி. அவள் பேச்சை யாரும் வெட்டவில்லை. அம்மா கெஞ்சுகிறாள், கத்துகிறாள், பழைய கதையெல்லாம் எடுக்கிறாள். அத்தனைக்கும் பதில் சொல்லி, முழுசாகப் பேசி முடிக்கிறாள். அப்படிப் பேச அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு ராத்திரி மட்டும் என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. கதவு பூட்டிக்கொண்ட பிறகு அண்ணனுக்கு போன் செய், அவர்கள் வந்து சேரும்வரை கோக்கோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிரு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா அந்தப் பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டே போனுக்குப் போகிறாள்.